கௌதாரிப் பயறு

கள்ளிப்பழ மாதம் பிறந்தால்தான் எங்களுக்கு வருசம் பிறக்கும். அந்த மாதத்து வெயிலை வெளியூர்க்காரர்கள் வாய் ஓயாமல் திட்டுவார்கள். நாங்கள் திட்டுவதில்லை, திட்டினால் நாக்கில் இருக்கிற கொஞ்ச ஈரமும் போய்விடும். விடிவதற்கு முன்னே எழுந்து, நீளக் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போவோம். பெருங்கள்ளி உச்சியில் வெடித்துச் சிவந்திருக்கும் பழங்களைத் தட்டி, வெயில் ஏறுவதற்குள் வாளி நிறைய வீட்டுக்கு வந்துவிடுவோம். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பந்தல் நிழல்தான் கதி. பழத்தைக் காய்ச்சிப் பாகெடுத்து, பாகைப் புளிக்கவைத்துக் கள்ளாக்கி, ஊர் கூடிக் குடித்தால்தான் மழை இறங்கும். ஜெபம் பண்ணினால் போதும் என்று டூசான் பட்டணத்திலிருந்து வரும் பாதிரியார் சொல்வார். அவருக்கும் ஒரு குவளை கொடுப்போம். குடித்துவிட்டு அவரும் வானத்தைத்தான் பார்ப்பார்.

அந்த வருசம் ரோசெந்தா பழம் தட்ட வரவில்லை.

ரோசெந்தா என் தம்பி வெனான்சியோவின் பெண்சாதி. அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு கருவேலமரம்தான். நரியோடை மலையிலிருந்து இறங்கி வந்து விரியும் இடத்தில் எங்கள் காடு இரண்டும் வரப்பில்லாமல் ஒட்டிக் கிடக்கும். களத்திலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை என் பந்தலை உரசினாற்போலப் போகும். அந்தப் பாதையில் யார் போனாலும் என் கண்ணில் படாமல் போக முடியாது. நானும் சும்மா போக விடமாட்டேன்.

அவர்களுக்கு ஒரே பையன். பேரைச் சொல்ல மாட்டேன். வருசம் திரும்புகிறவரைக்கும் செத்தவர்கள் பேரை வாயில் எடுக்கக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். எடுத்தால் கூப்பிட்டதாக நினைத்துத் திரும்பி வருவார்கள். வருசம் எப்போதோ திரும்பிவிட்டது. ஆனாலும் எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

பழம் பழுக்கிறதுக்கு முந்தின மாதம், வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லாத மாதம், அவர்கள் செவலைப் பசு ஒன்று காணாமல் போனது. பையன் குதிரையை எடுத்துக்கொண்டு தேடப் போனான். மறுநாள் காலையில் குதிரை மட்டும் வந்தது. சேணத்தில் தண்ணீர்க் குடுவை மாட்டியபடியே தொங்கியது. கழற்றி ஆட்டிப் பார்த்த வெனான்சியோ அங்கேயே உட்கார்ந்துவிட்டான். குடுவை நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது. குதிரை எங்கேயோ மிரண்டு தள்ளிவிட்டு ஓடியிருக்கிறது. ஊரே தேடியது. கடைசியில் ஒரு பச்சைப்பட்டை மரத்தடியில், வீடு இருக்கும் திக்கைப் பார்த்தபடி கிடந்தான். காலில் அடிபட்டிருந்தது. ஆனால் கால் அடி அவனைக் கொல்லவில்லை. தாகம் கொன்றது. பசு அடுத்த வாரம் தானாகவே வந்து தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றது. 

குடுவையையும் சேணத்தையும் அவனோடேயே புதைத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கள்ளிக்கட்டையும் மண்ணும் வைத்து அவனே கட்டிக்கொண்ட அறையை வெனான்சியோ இடித்துத் தீ வைத்தான். அதுவும் வழக்கம்தான். செத்தவர்கள் சாமானும் இடமும் இருந்தால் அவர்களுக்குப் போக மனசு வராது.

அதற்கப்புறம் ரோசெந்தா பேசவே இல்லை. ரொட்டி தட்டவில்லை, தலை வாரவில்லை. பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். நான்தான் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ரொட்டி தட்டினேன். ஒருநாள் பழப்பாகு கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வெனான்சியோ பந்தலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, மழ வாசம் வருதே?"

வெனான்சியோவுக்குக் கை நின்றுவிட்டது. எத்தனையோ நாளைக்கப்புறம் வாய் திறக்கிறாளே என்று முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமா புள்ள, தெக்க மேகம் கட்டுது. பொழுது சாய மின்னுது பாரு."

அவள் எழுந்து வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள்.

"அப்போ விதப்பானைய எறக்குங்க. பூச்சி விழுந்திருக்கான்னு பாக்கணும்."

வெனான்சியோ என்னைப் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வையிலேயே எல்லாம் விளங்கிப் போயிற்று. எலித் தொல்லை தாங்காமல், போன அறுப்பு முடிந்ததும் விதைப்பானையைப் பையன் தன் அறை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

"எரிக்கிறதுக்கு முன்ன எறக்கினீங்களா, இல்லையா?" என்றாள்.

"எறக்கல."

"பாக்கக்கூடவா இல்ல?"

"எதையும் பாக்கக்கூடாதுன்னுதான புள்ள சொல்லுவாங்க. கண்ண மூடிக்கிட்டுத்தான் பத்தவெச்சேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

"பொட்டுப் பொட்டுனு வெடிக்கிற சத்தம் கேட்டுச்சு. கள்ளிக்கட்டதான் வெடிக்குதுன்னு நெனச்சேன்," என்றாள். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் பயறு அவள் சீதனமாகக் கொண்டுவந்தது. எல்லை வேலிக்கு அந்தப் பக்கம், மெக்சிகோ மண்ணில் இருந்த அவள் அம்மா ஊர்ப் பயறு. எங்கள் ஊரில் எல்லோரும் போடுவது வெள்ளைப் பயறு. அவளுடையது சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளி போட்டிருக்கும், கௌதாரி முட்டை மாதிரி. நாங்களும் கௌதாரிப் பயறு என்றே சொல்வோம். வந்த புதிதில் ஆளாளுக்கு ஒரு கை கொடுத்தாள். அது வேகிறதுக்குள் அடுப்பு ஒரு வண்டி விறகு தின்றுவிடும். அதனால் யாரும் விதைக்கு வைக்கவில்லை. நானே என் பங்கை எலும்பு போட்டு வேகவைத்துத் தின்றவள்தான். ருசியென்றால் அப்படி ஒரு ருசி. இப்போது அவள் அம்மா ஊரில் ஆள் கிடையாது. வீடெல்லாம் இடிந்து முள் முளைத்துவிட்டது. இந்தப் பயறுக்கு அவள் வீட்டுப் பானைதான் ஊர், உலகம் எல்லாம்.

மழை வந்தது. முதலில் புழுதிச் சுவர் எழும்பி ஊரை மூடியது. அப்புறம் மழை பட்டால் மணக்கும் எண்ணெய்ப் புதர் வாசம். அப்புறம் இடி. மலையில் பெய்தது ஓடை வழியாக இறங்கி, நுரையும் சருகும் ஆட்டுப் புழுக்கையுமாகக் காட்டில் பரவி நின்றது. வருசம் முழுக்க மண்ணுக்குள் செத்ததுபோலக் கிடந்த தவளையெல்லாம் மேலே வந்து கத்தித் தீர்த்தது. தண்ணீர் வடிந்ததும் காலை வைத்துப் பார்ப்போம். குதிகால் பதிந்து, விரல் இடுக்கில் சேறு ஒட்டாமல் வந்தால் அதுதான் பதம். பதம் நமக்காகக் காத்திருக்காது. அன்றைக்கே ஊன்ற வேண்டும்.

நான் என் வெள்ளைப் பயறில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தேன். அவன் குச்சியால் குழி போட, நான் விதை போட்டுக் காலால் மூடிக்கொண்டே வந்தேன். ரோசெந்தாவையும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"வா தாயி. கையி வேலையில இருந்தா மனசு கொஞ்சம் கேக்கும்."

"நீங்க போடுங்க மதினி. எனக்குப் போட ஒண்ணுமில்ல," என்றாள்.

அதற்கப்புறம் ஒருநாள் காலையில் என் பந்தல் ஓரம், தண்ணீர்ப் பானை வைக்கும் கவட்டைக்கட்டைக்குக் கீழே, பயறு முளைத்திருந்ததைப் பார்த்தேன். எவன் இங்கே சிந்தினான் என்று குனிந்தேன். தண்டில் ஒரு கருஞ்சிவப்பு ஓடியது. வெள்ளைப் பயறுக்குத் தண்டு பச்சையாகத்தான் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால், பந்தலிலிருந்து பாதை வரைக்கும், பாதையில் களத்துப் பக்கமாகவும் அவர்கள் வீட்டுப் பக்கமாகவும், இங்கொன்றும் அங்கொன்றுமாக முளை வரிசை பிடித்து நின்றது.

 போன அறுப்பில் பையன் இந்தப் பாதையில் பயறு மூட்டை சுமந்து போனான். சாக்கில் ஓட்டை. வழியெல்லாம் ஒழுகியது அவனுக்குத் தெரியவில்லை. பாதி வழியில் திரும்பி என் பந்தலுக்கு வந்தான். "அத்த, தண்ணி குடு. தொண்ட காயுது," என்று மூட்டையை இறக்காமலே நின்று, குவளைமேல் குவளையாக வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். வீட்டில் ரோசெந்தா, "எலிக்கு மாப்பிள்ளையாப் போறவனே, பாதி மூட்டைய பாதையில வெதச்சிட்டு வந்து நிக்கியே!" என்று கத்தியது எனக்கு இங்கே கேட்டது. அவன் நடந்த நடை அப்படியே முளைத்திருந்தது. எங்கே திரும்பினான், எங்கே நின்று குடித்தான் எல்லாம் இருந்தது. நான் பானைக்குக் கீழே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ரோசெந்தாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அவள் குனிந்து ஒரு முளையைத் தொட்டாள். அடுத்ததைத் தொட்டாள். அப்படியே பாதை நெடுகப் போனாள். வெனான்சியோவும் பின்னாலேயே வந்தான்.

"இத விட்டுவெக்கக் கூடாது," என்றான் மெதுவாக. "சிந்துனது யாரு? செத்தவுக பொருளு செத்தவுகளத்தான் கூப்புடும்."

"வரட்டும்," என்றாள் ரோசெந்தா.

"புள்ள, அப்படிச் சொல்லாத."

"ஒரு தடவ கண்ண மூடிக்கிட்டு எரிச்சீங்க. இப்ப கண்ணத் தொறந்துக்கிட்டுப் புடுங்குங்க, பாப்போம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன், "ஏலே, சிந்துனது மனுசன், முளைக்க வெச்சது மழ. மழ செத்தா போச்சு? பேசாம முள்ளு வெட்டிட்டு வந்து மாடு மேயாம அடைச்சு வையி." ஊரில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்தான். நான் திருப்பி முணுமுணுத்ததைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து ரோசெந்தா எழுந்துவிட்டாள். தலை வாரினாள், ரொட்டி தட்டினாள், தட்டினதில் பாதியாவது தின்றாள். காலையிலும் சாயங்காலமும் காற்றாடிக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்துவந்து அந்தச் செடிகளுக்கு ஊற்றினாள். முதல் வெள்ளத்துக்கப்புறம் மழை ஏய்த்துவிட்டது. மேகம் வருவதும் மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவதுமாக இருந்தது. காட்டில் வெள்ளைப் பயறு மத்தியானத்தில் இலையை மடக்கிக்கொண்டு, எலும்பும் தோலுமாக நின்றது. பாதையோரம் அவள் செடி தளதளவென்று முழங்கால் உயரம் ஏறி, கொடி விட்டு, என் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டது.

பார்க்கிறவர்களுக்கு என்ன அழகு! பயறு வளர்த்துப் பழகின எங்களுக்குத்தான் அதைப் பார்த்துப் பயம் பிடித்தது. ஒருநாள் வெனான்சியோ என் பந்தலில் வந்து உட்கார்ந்தான். காப்பி கொடுத்தேன். குடிக்காமல் கொடியையே பார்த்தான்.

"அக்கா, ஒங்காட்டுல பூத்திருச்சா?"

"நேத்துத்தான் ஒண்ணு ரெண்டு கண்ணுல பட்டுச்சு. காஞ்சு கெடக்குல்ல, பூக்காம என்ன செய்யும்?"

"இதுல?"

"ஒரு மொட்டு இல்ல. எப்படி இருக்கும்? தண்ணியக் குடிச்சிட்டு எல விட்டுக்கிட்டே இருக்கு. இந்தச் சாதி வாடுனாத்தான் காய்க்கும்னு ஒனக்குத் தெரியாதாக்கும்? இப்படியே போனா பனி விழுற வரைக்கும் எலதான். வெட்டி ஆட்டுக்குப் போட வேண்டியதுதான்."

"தெரியும் அக்கா."

"பெறகு சொல்ல வேண்டியதுதான அவகிட்ட?"

அவன் குவளையைக் கீழே வைத்தான்.

"என்னன்னு சொல்லச் சொல்ற? தண்ணி ஊத்தாத, வாட விடுன்னு எந்த வாயால சொல்ல? நம்ம புள்ள எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சவ அவ. குடுவைய ஆட்டிப் பாத்தவன் நான்."

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

"வித போனா போகுது. அவ காலையில எந்திரிக்கா அக்கா. வாளி இருக்கதாலதான் எந்திரிக்கா. வித என்ன பெரிய வித? நான் ஒருக்கா எரிச்சேன்ல, இன்னொருக்கா போகட்டும்."

சொல்லிவிட்டானே தவிர, எழுந்து போகும்போது ஒரு கொடி நுனியைத் தூக்கி, இலையை விலக்கி, மொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனான்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. சாயங்காலம் அவள் வாளியோடு வந்தபோது, "ஏட்டி ரோசெந்தா, ஒங்கம்மா இப்படித்தான் பயறுக்குத் தண்ணி ஊத்துனாளா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. வாளியைக் கீழே வைத்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"எங்கம்மா சொல்லுவா மதினி. இந்தப் பயறுக்கு ஒரு வெள்ளம், நடுவுல ஒரு தூத்தல், அம்புட்டுத்தான். மிச்ச நாளைக்கு அது தவிக்கணும். உசுரு போயிருமோன்னு பயந்தாத்தான் அது பிள்ளையப் பத்தி நெனைக்கும்னு."

"தெரிஞ்சிக்கிட்டா ஊத்துற?"

"மத்தியானம் எல மடங்குது மதினி. நாக்கு வறண்ட மாதிரி இருக்கு. கையில தண்ணி இருக்கு. இருந்தும் ஊத்தாம நிக்கச் சொல்றீகளா?"

 நானே ஒரு கை பிடித்து வாளியைத் தூக்கிக் கொடுத்தேன்.

அந்த வாரமே கிணற்றடியில் அவள் காலில் கொக்கிக் கள்ளியின் முள் ஏறியது. அந்த முள் ஏறினால் லேசில் வராது. குறட்டால் பிடுங்கியும் நுனி உள்ளேயே நின்றுவிட்டது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, நடக்க முடியாமல் என் பந்தலில் படுத்தாள். பாதையைப் பார்த்தபடி படுக்கை போடச் சொன்னாள். அன்று வெயில் அடித்த அடியில் காக்கை பறக்கவில்லை. உச்சிவேளைக்குக் கொடி இலையெல்லாம் மடங்க ஆரம்பித்தது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

அப்போது கிணற்றுப் பக்கமிருந்து வெனான்சியோ வந்தான். இரண்டு கையிலும் இரண்டு வாளி. அவனுக்கு இடுப்பு வலி வேறு. குனிந்து குனிந்து வந்து, முதல் செடிக்கு முன்னால் மண்டிபோட்டு, குவளையில் மொண்டு, வேரில் பார்த்து ஊற்றினான். ஒரு சொட்டு வீணாகவில்லை. அடுத்த செடிக்கு நகர்ந்தான். ஊரில் பயறு வளர்க்கத் தெரிந்தவன் என்று ஒருத்தனைக் கை காட்டச் சொன்னால் எல்லோரும் அவனைத்தான் காட்டுவார்கள். அவன் ஊற்றினான், அந்த விதை இல்லாமல் போகும் என்று தெரிந்தே ஊற்றினான். முகத்தில் வேர்வை எது, கண்ணீர் எது என்று தெரியவில்லை.

ரோசெந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் ஒவ்வொரு செடியாக நகர்ந்து வந்து, அவளுக்கு நேராக மண்டிபோட்டு, குவளையைச் சாய்க்கப் போனான்.

"போதும்," என்றாள்.

அவனுக்குக் கேட்கவில்லையோ என்னவோ, சாய்த்தான்.

"போதும்ங்கறேன்ல. ஊத்தாதீங்க."

"வாடுது புள்ள."

"தெரியுது."

"நான் ஊத்துறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. நாளைக்கும் ஊத்துறேன்."

"ஒங்களுக்குத் தெரியும்ல? இப்படி ஊத்துனா காய்க்காதுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

அவன் குவளையை வாளிக்குள் போட்டான்.

"தெரிஞ்சும் எனக்காண்டி ஊத்துறீக." அவள் கையூன்றி நிமிர்ந்தாள். "நீங்க எரிச்சீங்கன்னு நான் இத்தன நாளு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கெடந்தேன். இப்ப நான் ஊத்தியே அழிக்கிறேன். போதும். வாளியக் கொண்டாங்க."

அவன் வாளியைக் கொண்டுவந்தான். மிச்சத் தண்ணீரை நான் குடிதண்ணீர்ப் பானையில் ஊற்றினேன். அவன் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வீங்கின காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

காய்த்ததா என்று கேட்பீர்கள். காய்த்தது. இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டி, பாதிச் செடி கருகி, பிழைத்த பாதி பனிக்கு முன்னே பூத்து, குட்டைக் குட்டையாகக் காய் விட்டது. எல்லாம் சேர்த்து இரண்டு கைப்பிடி தேறியிருக்கும். அதில் ஒரு பிடியை ரோசெந்தா என் கையில் வைத்து மூடி, "வேகவெச்சுத் தின்னுறாதீக மதினி," என்றாள். இன்றைக்கு எங்கள் ஊரில் அநேகம் வீட்டுப் பானையில் அந்தப் பயறு இருக்கிறது. எனக்கு என்னவோ பயறைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மத்தியானம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

வெயில் இறங்குகிற வழியாக இல்லை. கண்ணுக்கு முன்னாலேயே கொடியில் இலை ஒவ்வொன்றாக மடங்கியது. மடங்கி, விளிம்பு சுருண்டு, தலை கவிழ்ந்து தொங்கியது. ரோசெந்தா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்தாள். வெனான்சியோவும் பார்த்தான். ஒருதரம் அவன் கை தன்னாலே குவளைப் பக்கம் போயிற்று. அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்களுக்குத் தொண்டை காய்ந்துவிட்டிருந்தது. கை எட்டும் தூரத்தில் பானை நிறையத் தண்ணீர் இருந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, அந்த இலைகள் மறுபடி விரிகிறவரைக்கும் எங்கள் மூன்று பேரில் யாரும் அதைத் தொடவில்லை.